ஜாவத்தைப் பைத்தியசாலைக் கட்டடம்: பேணலும் மறத்தலும்

கொழும்பு சுதந்திர சதுக்கத்துக்கு அண்மையில், வளைவுத் தாழ்வாரங்களும் உள்முற்றங்களும் கொண்ட வெண்ணிறக் கட்டடத் தொகுதி ஒன்று உண்டு. மாலை வேளைகளில் அங்கு கூட்டம் மிகுந்திருக்கும். உடுபுடவைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த அத்தாழ்வாரங்களில் புதுமணத் தம்பதிகள் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வர். எமது பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரமாதலால், விரிவுரைகள் முடிந்தபின் மாணவர்களாகிய நாமும் அங்கு செல்வதுண்டு. வாங்கும் வசதி இல்லாவிடினும் காற்று வாங்குதற்குக் காசில்லை அன்றோ!

முதலாம் வருடத்தில் அங்கு சென்றபோது அக்கட்டடம் முன்னர் என்னவாக இருந்தது என்று நண்பர் சிலரிடம் வினவினேன். கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் திணைக்களம் என்றார் ஒருவர். அது சரியான விடையே. ஆயின் அதற்கும் முன்னர்? அவ்வினாவுக்கு எவரிடமும் விடை இருக்கவில்லை. இலங்கைத் தீவு முழுவதிலுமிருந்து சித்தசுவாதீனம் இழந்தோர் எனத் தீர்ப்பிடப்பட்ட மக்கள் கொண்டுவந்து அடைக்கப்பட்ட பைத்தியசாலை அது என்பதை நூலகத்திலேயே பின்னர் அறிந்துகொண்டேன். பழைய கட்டடங்களைப் பேணிப் புதிய தேவைகளுக்குப் பயன்படுத்தும்போது, அவற்றுள் வாழ்ந்தோரின் வரலாறும் உடன் பேணப்படுகின்றதா, அன்றிச் சுவர்கள் மட்டுமே எஞ்சுகின்றனவா என்பதை இவ்வொரு கட்டடத்தை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உளநோயுற்றோரை ஊரிலிருந்து பிரித்துத் தனியானதொரு இடத்தில் அடைத்து வைக்கும் வழக்கம் எமது மரபுக்கு உரியதன்று. கோயில் வீதியிலும் மடங்களிலும் திரிந்தோரை ஊர் சகித்துக்கொண்டது. சிலரைச் சித்தர் என்று வணங்கியும் வந்தது. இதனால் அக்காலம் பொற்காலமாக இருந்தது என்று கொள்ளலாகாது. வீட்டுத் தூணில் சங்கிலியால் பிணிக்கப்பட்டோரும், பேயோட்டுதல் என்ற பெயரில் அடிபட்டோரும் எத்தனை பேர் என்பதை எந்த ஏடும் பதிந்து வைக்கவில்லை. எனினும், அரசு சட்டம் இயற்றி, கட்டடம் எழுப்பி, பதிவேடு திறந்து ஒருவரைப் 'பைத்தியகாரர்' எனப் பெயரிட்டு உள்ளே அனுப்பும் முறைமை பிரித்தானிய ஆட்சியுடன் வந்ததே எனலாம்.

அம்முறைமையின் தொடக்கம் 1839ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். சட்டம் வந்துவிட்டது, இடம் இருக்கவில்லை. ஆகவே கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் காலத்தில் தொழுநோயாளருக்கென அமைக்கப்பட்ட நிலையத்தில் இவர்களும் சேர்த்து வைக்கப்பட்டனர். தொழுநோய்க்கும் உளநோய்க்கும் மருத்துவத்தில் எத்தொடர்பும் இல்லை. சமூகம் காண விரும்பாதோர் என்ற ஒரே தகுதியே இரு சாராரையும் ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. 1840களின் பிற்பகுதியில் பொரளையில் தனியானதொரு பைத்தியசாலை திறக்கப்பட்டது.

இக்காலத்தில் இங்கு பணியாற்றிய ஜேம்ஸ் ஜோர்ஜ் டேவி என்னும் மருத்துவரை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவர் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும். இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹன்வெல் மருத்துவமனையிலிருந்து 1844இல் அவர் இலங்கைக்கு வந்தார். ஹன்வெல்லில் 1839இல் பொறுப்பேற்ற ஜோன் கொனொலி, சங்கிலி, தோல் வார் முதலிய தளைகள் யாவற்றையும் கைவிட்டு, அன்பும் ஒழுங்கும் வேலையும் ஓய்வும் கொண்டு நோயாளரைக் குணப்படுத்தலாம் என்று காட்ட முயன்றவர். அப்பயிற்சியுடனேயே டேவி கொழும்பில் வந்திறங்கினார். மண்டையோட்டின் மேடு பள்ளங்களைக் கொண்டு குணத்தை அறியலாம் என்று கூறிய, இன்று எவரும் ஏற்காத கொள்கையிலும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அறிவும் அறியாமையும் ஒரே கப்பலில் வந்திறங்குவது காலனித்துவ வரலாற்றில் புதுமையன்று.

பொரளை விரைவிலேயே நிரம்பி வழிந்தது. 1873இல் புதிய கட்டளைச் சட்டம் வந்தது. ஒருவரின் மனநிலையை விசாரித்துத் தீர்மானிக்கும் பொறுப்பு மாவட்ட நீதிமன்றத்திடம் இருந்தது. இச்சட்டம் பின்னர் பெயர் மாற்றத்துடனும் திருத்தங்களுடனும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாட்டின் சட்டமாக நின்றது என்பது சிந்தனைக்குரியது. சட்டம் விரிந்ததும் ஆட்கள் பெருகினர். ஆட்கள் பெருகியதும் பெரியதொரு கட்டடம் வேண்டியதாயிற்று. அதற்கெனத் தெரிவு செய்யப்பட்ட இடமே கறுவாத்தோட்டத்தின் ஓரத்திலிருந்த ஜாவத்தை.

18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட அந்நிலப்பரப்பு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பின் அழகுப் பகுதியாக மாறிக்கொண்டிருந்தது. 1877இல் அங்கு நூதனசாலை திறக்கப்பட்டது. வாப்பிச்சி மரைக்கார் கட்டுவித்த அவ்வெண்மாளிகையை இன்றும் காண்கின்றோம். அதற்குச் சில ஆண்டுகளின் பின், தேசாதிபதி சேர் ஜேம்ஸ் லோங்டனின் ஆட்சிக் காலத்தில், 1882இல் பைத்தியசாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டின் தொல்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதற்கு ஒரு மாளிகை. காட்சியிலிருந்து மறைக்க வேண்டியோரை வைப்பதற்கு இன்னொரு மாளிகை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே சுற்றாடலில் எழுந்தன.

அது செழிப்பான காலமும் அன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்துக்கொண்டிருந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது கொழும்பின் வணிகமே அதிர்ந்தது. தோட்டங்களில் வேலை இழந்து, உணவிழந்து, தெருக்களில் அலைந்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர் அக்காலத்தில் இருந்தனர். வறுமைக்கும் மனநோய்க்கும் இடையே கோடு கீறுவது பொலிசாரின் கையில் இருந்த காலத்தில், அக்கோட்டின் எப்பக்கத்தில் எவர் வீழ்ந்தனர் என்பது வெறும் மருத்துவ வினா அன்று. இவ்வினாவை எமது சமூக வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதிய அளவு எடுத்து ஆராயவில்லை என்பது இக்கட்டுரையாளரின் தாழ்மையான கருத்து.

கட்டடத்தின் அமைப்பைச் சற்று நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு உளமருத்துவர்கள் கட்டடத்தையே மருந்தாகக் கருதினர். 1796இல் வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகர் யோர்க் நகரில் நிறுவிய இல்லத்திலிருந்து இக்கருத்து வளர்ந்தது. அமெரிக்காவில் தோமஸ் கேர்க்பிரைட் 1854இல் வெளியிட்ட நூலில், சாளரம் எங்கே, நடைகூடம் எவ்வளவு, காற்று எவ்வழி என்பன யாவும் மருத்துவனின் அக்கறைக்கு உரியவையாகின. ஒளியும் காற்றும் தோட்டமும் ஒழுங்கான நாளும் சிதறிய மனத்தைக் கூட்டிவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை. ஜாவத்தையின் நீண்ட தாழ்வாரங்களையும் முற்றங்களையும் இப்பின்னணியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் அதே அமைப்பு, உள்ளிருப்போரை முற்றத்தை நோக்கியே திருப்பி வைக்கும் அமைப்புமாகும். வெளியுலகுக்கு முதுகு காட்டி நிற்கும் வீடு அது. இன்று கடைக்கு வருவோரை நிழலில் நடத்தி, ஒரு கடையிலிருந்து மறுகடைக்கு இட்டுச் செல்வதற்கு அவ்வமைப்பு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. நோயாளர் உலாவுதற்கென அமைத்த தாழ்வாரம் நுகர்வோர் உலாவுதற்கும் உதவுகின்றது. கட்டடக் கலைஞன் இதை எண்ணியிருக்க மாட்டான்.

மருந்தாகக் கருதப்பட்ட கட்டடம் மருந்தாக அமைந்ததா? உலகெங்கும் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. தீவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர, இடம் போதாமற் போயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரையிலான புகையிரதப் பாதை 1905இல் முற்றுப்பெற்றபின் பயணம் எளிதாயிற்று. திரும்பி வருதல் எளிதாகவில்லை. சிங்கள மக்கள் இத்தகைய இடத்தைப் 'பிஸ்ஸன் கொட்டுவ' என்றனர். பைத்தியகாரரின் கோட்டை என்பது அதன் பொருள். வைத்தியசாலை என்று அரசு கூற, கோட்டை என்று மக்கள் கூறினர். எது உண்மைக்கு அண்மையானது என்று வாசகரே தீர்மானிக்கலாம். 1920களில் அங்கொடையில் மிகப் பெரிய புதிய மருத்துவமனை எழுப்பப்பட்டு நோயாளர் அங்கு மாற்றப்பட்டனர். அங்கொடையும் நிரம்பிற்று. 1937இல் இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்ட் மேபோதர் இலங்கைக்கு வந்து நேரிற் பார்வையிட்டு, அதன் நிலையைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை எழுதினார். அந்நிறுவனம் 2008இல் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்ட நிலை மாறவில்லை. ஒருவரை இகழ வேண்டின் 'அங்கொடைக்கு அனுப்ப வேணும்' என்பர். வடமராட்சியார்க்கு அது மந்திகை; தமிழகத் திரைப்படங்கள் பார்த்தோர்க்குக் கீழ்ப்பாக்கம். ஓர் ஊரில் வாழும் மக்களின் முகவரியே பரிகாசமாகும் விந்தை இது.

ஜாவத்தைக் கட்டடம் பின்னர் அரசாங்க அலுவலகமாயிற்று. நெடுங்காலம் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் திணைக்களம் அங்கு இயங்கியது. பேரேடுகளும் கோப்புகளும் நிறைந்த அவ்வாழ்க்கையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டபின், கொழும்பின் காலனித்துவக் கட்டடங்கள் சில மெருகூட்டப்பட்டு வணிக நிலையங்களாயின. கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் மருத்துவமனை 2011இன் இறுதியில் அவ்வாறு திறக்கப்பட்டது. 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமுற்ற கட்டடம் அது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையாக விளங்கிய குதிரைப்பந்தயத் திடலின் பார்வையாளர் மண்டபமும் அவ்வாறே மாற்றம் பெற்றது. ஜாவத்தைக் கட்டடம் 2014 யூலையில் 'ஆர்கேட்' என்ற பெயருடன் திறக்கப்பட்டது. பெயரின் மறுபாதியைச் சுதந்திர சதுக்கம் வழங்கிற்று. நீதிமன்றக் கட்டளையினால் சுதந்திரம் இழந்தோர் வாழ்ந்த இடத்துக்கு அப்பெயர் வாய்த்தமை தற்செயலே.

இம்மாற்றத்தைக் கண்டிப்பதற்கே இக்கட்டுரையாளர் முதலில் எண்ணியிருந்தார். மனிதர் அழுத இடத்தில் ஐஸ்கிறீம் விற்பதா என்ற ஆத்திரம் இளமைக்கு இயல்பானது. ஆயின் பிறநாடுகளில் இத்தகைய கட்டடங்களுக்கு நேர்ந்ததைப் படிக்கப் படிக்க அவ்வாத்திரம் தணிந்து, வேறொரு வினாவாக உருமாறிற்று.

பயன்பாடு அற்ற கட்டடம் நிலைப்பதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் மருத்துவமனை 1878இல் திறக்கப்பட்டு 1992இல் மூடப்பட்டது. குன்றின் மேல் நின்ற அம்மாபெரும் செங்கற் கட்டடம் பதினைந்து ஆண்டுகள் வரை பாழ்பட்டுக் கிடந்து, 2006இலும் அதனை அடுத்தும் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. முகப்பின் சில சுவர்களை மட்டும் விட்டு, அவற்றின் பின்னே அடுக்குமாடி வீடுகளைக் கட்டினர். மறுபுறம், நியூயோர்க் மாநிலத்தின் பபலோ நகரில் ஹென்றி ரிச்சட்சன் என்னும் பெருங்கலைஞர் வடிவமைத்த மருத்துவமனையும் 1970களில் கைவிடப்பட்டுச் சிதைந்துகொண்டிருந்தது. அரசு பெருநிதி ஒதுக்கிக் கூரையைக் காத்ததால் 2017இல் அதன் நடுப்பகுதி ஒரு ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. அந்த ஹோட்டல் 2021இல் மூடப்பட்டு, 2023இல் வேறொரு பெயரில் மீண்டும் ஒரு ஹோட்டல் திறக்கப்பட்டது. வணிகம் வரும், போகும். கூரை ஒழுகாதிருந்தால் கட்டடம் அடுத்தவருக்காகக் காத்திருக்கும். இதனை நோக்குமிடத்து, ஜாவத்தையின் கூரையைக் காத்தவர்கள் கடைக்காரரே என்று கூறுவதில் தவறில்லை.

ஆகவே வினா, கடை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. கட்டடத்துடன் எது கைமாறுகின்றது, எது கைவிடப்படுகின்றது என்பதே வினா. இதற்கு டேவி எமக்கு ஒரு வழியைத் திறந்து வைக்கின்றார்.

இலங்கையை விட்டுச் சென்ற டேவி, இலண்டனின் வடபுறத்தில் 1851இல் திறக்கப்பட்ட கோல்னி ஹட்ச் என்னும் மருத்துவமனையில் பெண்கள் பகுதிக்கு மருத்துவப் பொறுப்பாளரானார். இளவரசர் அல்பேட் அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. இத்தாலிய பாணியில் அமைந்த அதன் முகப்பையும் முடிவின்றி நீளும் நடைகூடத்தையும் காண, அவ்வாண்டின் மாபெரும் பொருட்காட்சிக்கு வந்தோர் கூடச் சென்றனர். 1903இல் அங்கு ஏற்பட்ட தீயில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். 20ஆம் நூற்றாண்டில் பிரையேர்ண் எனப் பெயர் மாற்றம் பெற்று, 1993இல் மூடப்பட்டது. இன்று அது செல்வந்தர் வாழும் அடுக்குமனை. 'இளவரசிப் பூங்கா மாளிகை' என்ற பொருள்படும் பெயருடன் விளங்குகின்றது. வீடு விற்போர் அதன் விக்ரோறியா காலத்து அழகை வாயாரப் புகழ்ந்தனர். அது பைத்தியசாலையாக இருந்ததைச் சொல்வதில் அத்தகைய ஆர்வம் காட்டவில்லை. 1980களின் இறுதியில் அங்கு நோயாளியாக இருந்தவரும் பின்னர் வரலாற்றுப் பேராசிரியரானவருமான பாபரா ரெயிலர், 2014இல் வெளியிட்ட நினைவு நூலில் அந்நிறுவனத்தின் கதையைத் தன் கதையுடன் இணைத்து எழுதியுள்ளார். கொடுமைகள் நிறைந்த இடமாக மட்டும் அவர் அதனைக் காட்டவில்லை. நொறுங்கியோர்க்கு ஓர் ஒதுங்கிடமாகவும் அது இருந்தது என்பதையும், அவ்வொதுங்கிடம் மூடப்பட்டபின் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் வினவுகின்றார். இவ்விரண்டாவது வினா எமக்கும் உரியது.

கேர்ன்ஸ், ஜோசப், மூன் ஆகிய புவியியலாளர்கள் இத்தகைய மாற்றங்களை ஆராய்ந்து, திட்டமிட்ட மறதி என்றொரு கருத்தை முன்வைத்துள்ளனர். புதிய உரிமையாளர் கட்டடத்தின் அழகையும் பழமையையும் வைத்துக்கொண்டு, கறையெனக் கருதுவதை மட்டும் நழுவ விடுகின்றனர் என்பது அதன் சாரம். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் பல்கலைக்கழகங்களும் உயர்கல்வி நிறுவனங்களும் அடங்கும் என்பதை இங்கு குறிப்பிடாது விடுவது நேர்மையாகாது. நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில் 1867இல் திறக்கப்பட்ட பைத்தியசாலை, 1992இல் மூடப்பட்டபின் உயர்கல்வி நிறுவனமொன்றின் கட்டடமாயிற்று. மறதியைக் கடைக்காரரின் குணமாக மட்டும் கண்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது.

இலண்டனிலேயே மற்றொரு மாதிரி உண்டு. பெத்லெம் என்னும் மிகப் பழைய மருத்துவமனை 1815 முதல் தேம்ஸ் நதியின் தென்புறத்தில் இருந்த கட்டடத்தை 1930இல் விட்டு நீங்கியது. அதன் இருபுறச் சிறகுகள் இடிக்கப்பட்டன. நடுப்பகுதி 1936இல் பேரரசுப் போர் நூதனசாலையாயிற்று. சுற்றியிருந்த நிலம் மக்களின் பூங்காவாயிற்று. இன்று அதன் வாயிலில் பெரும் பீரங்கிகள் நிற்கின்றன. போரைக் காட்டுவதற்கு மனநோய் மருத்துவமனையினும் பொருத்தமான வீடு வேறில்லை என்று யாரேனும் கூறினால் அதனை நகைச்சுவை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. போரை அறிந்த எமது தலைமுறைக்கு அது விளங்கும்.

இவையனைத்தினும் வேறுபட்டது இத்தாலியின் ட்ரியெஸ்டே. அங்கு குன்றின் சரிவில் 1908இல் திறக்கப்பட்ட சன் ஜொவானி மருத்துவமனைக்கு 1971இல் பிரங்கோ பசாலியா பணிப்பாளராக வந்தார். அவர் பூட்டுக்களைத் திறந்தார். 1973இல் நோயாளரும் கலைஞரும் சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் பெரியதொரு நீலக் குதிரையைச் செய்தனர். அதற்கு மார்கோ கவாலோ என்று பெயர். மருத்துவமனையின் சலவைத் துணி வண்டியை முன்னர் இழுத்துச் சென்ற உண்மையான குதிரையின் பெயர் அது. குதிரையை நகருக்குள் ஊர்வலமாகக் கொண்டு செல்ல முற்பட்டபோது அது வாயிலினும் பெரியதாக இருந்தது. வாயிலை உடைத்தே வெளியே கொண்டுவந்தனர். 1978இல் இத்தாலிய நாடாளுமன்றம் 180ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, நாடெங்கும் இத்தகைய மருத்துவமனைகளை மூடும் வழியைத் திறந்தது. இன்று அக்குன்றில் பல்கலைக்கழகத்தின் துறைகள், சுகாதார அலுவலகங்கள், ரோசாத் தோட்டம் ஆகியன உள்ளன. முன்னாள் நோயாளர் பங்குகொண்ட கூட்டுறவு அமைப்பொன்று நடத்தும் உணவகமும் உண்டு. அங்கும் வணிகம் உண்டு, தேநீரும் விற்கப்படுகின்றது. ஆயினும் தேநீர் விற்போர் யாவர் என்பதில் வேறுபாடு இருக்கின்றது.

ட்ரியெஸ்டேயின் வழி ஜாவத்தைக்குப் பொருந்தாது. ஜாவத்தையிலிருந்து நோயாளர் வெளியேறி ஒரு நூற்றாண்டு ஆகின்றது. உடைப்பதற்கு வாயிலும் இல்லை. அங்கு எஞ்சியிருப்பது கட்டடம் மட்டுமே. மனிதர் ஆவணங்களுக்குட் போய்விட்டனர். காலனித்துவ நிருவாக அறிக்கைகளிலும் நீலப் புத்தகங்களிலும் அவர்களைத் தேடுவோர் எண்களையே காண்பர். இத்தனை பேர் சேர்க்கப்பட்டனர். இத்தனை பேர் விடுவிக்கப்பட்டனர். இத்தனை பேர் இறந்தனர். ஒரு நிரலிலிருந்து மறுநிரலுக்குப் பெயரின்றி நகரும் மனிதர்கள்.

நியூயோர்க் மாநிலத்தின் வில்லர்ட் மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது, பரணில் 400க்கும் மேற்பட்ட பயணப் பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. நோயாளர் உள்ளே வரும்போது கொண்டுவந்து, பின்னர் ஒருபோதும் திறக்க வாய்ப்பின்றிப் போன பெட்டிகள் அவை. புகைப்படங்கள், கடிதங்கள், ஆடைகள், கைக்கருவிகள் யாவும் அவற்றுள் இருந்தன. அவற்றை மாநில நூதனசாலை பேணி வைத்தது; 2004இல் கண்காட்சியும் நிகழ்ந்தது. கட்டடத்தின் செங்கல்லைவிட அப்பெட்டிகளே அங்கு வாழ்ந்தோரை மீளக் கொண்டுவந்தன.

பெட்டிகளைப் பற்றிப் படித்தபோது எனது பேத்தியாரின் வீட்டு அறையிலிருந்த தகரப் பெட்டியொன்று நினைவுக்கு வந்தது. பேத்தியாருக்கு ஒரு தமையனார் இருந்தார். சிறு வயதில் நாம் கேட்டபோது, 'அவர் கொழும்புக்குப் போனவர்' என்பது மட்டுமே விடையாக வரும். உத்தியோகத்துக்குப் போனார் என்றே நாம் எண்ணியிருந்தோம். ஆசிரிய கலாசாலையில் பயின்றுகொண்டிருந்தபோது அவருக்கு மனநிலை பிறழ்ந்ததும், வீட்டார் அவரைத் தென்னிலங்கையிலுள்ள மருத்துவமனையொன்றில் விட்டுவிட்டு வந்ததும், முதலிரண்டு ஆண்டுகள் சென்று பார்த்ததும், பின்னர் செல்லாததும் பேத்தியார் இறந்தபின் பெரிய மாமாவினால் எமக்குத் தெரியவந்தன. தங்கைமாருக்குக் கலியாணம் பேச வேண்டியிருந்தது என்றார் மாமா. அவர் கூறியதில் குற்ற உணர்வும் இருந்தது. வேறு என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வியும் இருந்தது. அவரைப் பற்றிய மறதி மருத்துவமனையின் மறதியன்று. எமது குடும்பமே திட்டமிட்டு வளர்த்த மறதி. கடைக்காரரின் மீது கல்லெறிய எழுந்த கை அன்றே தாழ்ந்துவிட்டது.

ஆகவே இக்கட்டுரையாளர் கேட்பவை பெரியன அல்ல. ஜாவத்தையில் கடைகள் இருக்கட்டும். அத்தாழ்வாரங்களின் ஓரிடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, ஹெந்தளையிலிருந்து அங்கொடை வரையிலான வரலாற்றை மூன்று மொழிகளிலும் எழுதி வைத்தல் இயலாத காரியமா? பழைய வரைபடங்கள், நிருவாக அறிக்கைகள், கட்டளைச் சட்டங்கள் ஆகியவற்றின் படிகள் அதற்குப் போதும். அக்காலத்து நோயாளரின் சொந்த விபரங்களை வெளிப்படுத்த வேண்டியதில்லை. அவ்வறையில் தமிழில் எழுதப்படும் பகுதி மற்றவற்றின் பிழையான மொழிபெயர்ப்பாக இல்லாதிருக்க, எமது துறை மாணவர் உதவ முன்வரலாம். வாடகை வருமானத்தில் சிறு பங்கு மனநலப் பணிகளுக்குச் செல்லுமாயின் அது கட்டடம் தன் பழைய குடியிருப்பாளருக்குச் செலுத்தும் நிலுவையாகும்; கணக்காய்வாளர் இருந்த வீட்டுக்கு நிலுவை என்ற சொல் புதிதன்று.

அதைவிட அவசரமானது அங்கொடை. அதன் பழைய கட்டடங்களும் நூறு வயதை எட்டிவிட்டன. மனநல மருத்துவம் பெருமருத்துவமனைகளை விட்டு மாவட்டங்களையும் ஊர்களையும் நோக்கி நகரும் இக்காலத்தில், அக்கட்டடங்களை என்ன செய்வது என்ற வினா என்றோ ஒருநாள் எழும். அன்று பொறியியலாளரும் வணிகரும் மட்டும் கூடித் தீர்மானிக்காதிருக்க வேண்டுமாயின், அங்கு வாழ்ந்தோரும் பணியாற்றிய தாதியரும் சிற்றூழியரும் கூறுவதை இப்போதே ஒலிப்பதிவு செய்து வைத்தல் வேண்டும். பழைய சேர்வுப் பதிவேடுகள் கறையானுக்கு இரையாகுமுன் தேசிய சுவடிகள் கூடத்துக்குச் சென்று சேர்தல் வேண்டும். வரலாற்றுத் துறையும் உளவியற் பாடநெறியும் சமூகவியல் துறையும் கூடிச் செய்யத்தக்க ஆய்வு இது. பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று நூலக வாயிலில் அங்கலாய்க்கும் நண்பர்கள் கவனிப்பாராக.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது பேத்தியாரின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நகை வைக்கும் சுருக்குப் பை ஒன்றும், காணி உறுதிகளும், அடியில் ஒரு கொப்பியும் இருந்தன. கொப்பியில் அழகிய சாய்வெழுத்தில் வகுப்புப் பாடக் குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. ஏறத்தாழ நாற்பது பக்கங்களுடன் எழுத்து நின்றுவிடுகின்றது. மிகுதித் தாள்கள் வெறுமையாக இருக்கின்றன. முன்னட்டையில் அவருடைய முழுப் பெயரும் இருக்கின்றது. அப்பெயரை நான் அன்றுதான் முதன்முறையாக அறிந்துகொண்டேன்.